வருடத்துக்கு 600 கிலோமீட்டர் ஓடும் அம்பாசடருக்கு எந்த பிளக்?

காரைக்குடியில் உதிரிபாகக் கடைக்காரர் கண்ணாடி மேஜையின் மேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது சாதாரண நிக்கல் ஸ்பார்க் பிளக், எஞ்சினுக்குள் பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைக்கும் துண்டு. இரண்டாவது அதன் தம்பி. உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பெயரில் ஓர் ‘ஆர்’ கூடுதலாக இருக்கும். மூன்றாவது இரிடியம், முதலாவதைப் போல நாலைந்து மடங்கு விலை. “அம்பாசடருக்குத்தானே? இரிடியம் போட்டுவிடுங்கள், லட்சம் கிலோமீட்டருக்குக் கவலை இல்லை” என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் வண்டி வருடத்துக்கு 600 கிலோமீட்டர் ஓடும். லட்சம் ஓட 166 வருடம் ஆகும். வண்டிக்கு வேண்டுமானால் அந்த ஆயுள் இருக்கலாம், எனக்கு இல்லை.

பள்ளத்தூர் வீட்டில் நிற்பது 1976-ல் அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) வாங்கிய மார்க் 3 அம்பாசடர். நாங்கள் எல்லாரும் சென்னையிலும் வெளிநாட்டிலுமாகச் சிதறிக் கிடக்கிறோம். வீட்டைப் போலவே வண்டியும் வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். பொங்கலுக்கு வந்தால் ஓடும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு ஓடும், யாருக்காவது சாந்திக் கல்யாணம் என்றால் எங்கள் கோயில் ஊர்களான நேமத்துக்கும் இளையாத்தங்குடிக்கும் ஓடும். செட்டிநாட்டில் இப்படி நிற்கிற பழைய கார்கள் பல. அவற்றுக்கு எந்த பிளக் போடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பெயரைவிட முக்கியமான கேள்வி, அந்த வண்டி எப்படி வாழ்கிறது என்பது. அதை விட்டுவிட்டு பிளக் வாங்கினால், நான் இரண்டு முறை வாங்கியது போல, தவறாகத்தான் வாங்க நேரும்.

இந்தப் பொங்கலுக்கு வண்டியை எடுத்தபோது நேமம் போகும் வழியிலேயே மிஸ்ஸிங். மேட்டில் ஏறும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல விட்டு விட்டுத் துடித்தது. திரும்பி வந்து, வாசலில் நிழலில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் நான்கு பிளக்குகளையும் கழற்றி முகப்புத் தரையில் வரிசையாக வைத்தேன். சிவப்பும் பச்சையுமான ஆத்தங்குடிக் கல்லின் மேல் நான்கும் நான்கு கரித்துண்டு போலக் கிடந்தன. மூன்றில் வறண்ட கரி. விரலால் தொட்டால் மாவு போல ஒட்டியது, துணியில் துடைத்தால் போய்விட்டது. நான்காவது சிலிண்டருடையது மட்டும் ஈரமாக மினுமினுத்தது. மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை இல்லை, எண்ணெய் வாடை.

இந்த நான்கையும் வாசிக்கத் தெரிந்தால் பாதித் தீர்ப்பு வந்துவிட்டது. நன்றாக ஓடும் எஞ்சினின் பிளக் முனையில் பீங்கான் வறுத்த மல்லியின் நிறத்தில் இருக்கும். வறண்ட கரி என்றால் பெட்ரோல் கூடுதல், அல்லது பிளக் சூடேறவே இல்லை. எண்ணெய் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அளவுக்கு மீறிய சூடு. என் வண்டியில் அப்படி ஒன்றுகூட இல்லை. அதாவது, தேய்மானமும் அதிகச் சூடும் என் எதிரிகள் அல்ல, கரிதான் எதிரி. இரிடியமோ தேய்மானத்துக்கான மருந்து.

கரி எங்கிருந்து வந்தது? வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டேன். “வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுகிறேன் தம்பி, வண்டி கெட்டுப்போகக் கூடாது அல்லவா” என்றார். என் மேல் உள்ள பிரியத்தில் அவர் செய்தது அது. ஆனால் பிளக்குகளைக் கெடுத்ததும் அதுதான். குளிர்ந்த எஞ்சினில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் தாராளமாக உள்ளே போகும். பிளக்கின் முனை சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடும் ஐந்து நிமிட ஐடிலிங்கில் அந்தச் சூடு வரவே வராது. ஒவ்வொரு வாரமும் ஒரு பூச்சுக் கரி. அதை எரிக்க ஓர் ஓட்டமும் கிடையாது. ஒரு வருடத்தில் 52 பூச்சு. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், பொறிக்கான மின்சாரத்தை உயர்த்தித் தரும் காயில் அனுப்பும் வோல்டேஜ் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல் பீங்கானின் மேலேயே வழிந்து உடம்புக்குப் போய்விடும். அதன் பெயர்தான் மிஸ்ஸிங்.

இப்போது பிளக்கின் ‘சூட்டு எண்’ என்கிற விஷயத்துக்கு வரலாம். கடையில் எவரும் இதைக் கேட்பதில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். முனைப் பீங்கான் நீளமாக இருந்தால் அதன் சூடு உடம்புக்கு வந்து சேர நெடுந்தூரம் போக வேண்டும். ஆகவே முனை சூடாகவே இருக்கும். இது சூட்டு பிளக். பீங்கான் குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். இது குளிர் பிளக். சூட்டு பிளக் போட்டால் எஞ்சின் சூடாகும் என்று சிலர் பயப்படுவார்கள். பொறி பலமாகும் என்று சிலர் மகிழ்வார்கள். இரண்டும் இல்லை. பிளக்கின் முனை எவ்வளவு சூட்டில் நிற்கும் என்பது மட்டும்தான் மாறுகிறது. மேல் எல்லை சுமார் 850 டிகிரி. அதைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே முனையின் தணலே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது வரை போகலாம்.

இந்தச் சூட்டு எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி கூடுகிறது என்று பொருள். டென்சோவும் அதே வழி. பாஷிலும் சாம்பியனிலும் தலைகீழ். எண் கூடினால் சூடு கூடுகிறது. என்ஜிகேயின் பிபி6இஎஸ், பாஷின் டபிள்யூ7டிசி, சாம்பியனின் என்9ஒய்சி மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டுப் படியில் நிற்பவை. அதற்கு ஒரு படி சூடானவை பிபி5இஎஸ், டபிள்யூ8டிசி, என்11ஒய்சி. நான் முதல் தடவை செய்த தவறு இதுதான். பாஷில் 7 போட்டிருந்தேன். “எண் ஒன்று கூட்டிக் கொடுங்கள்” என்று கேட்டு, என்ஜிகேயில் அதற்கு ஈடான 6-ஐ விட்டு 7-ஐ வாங்கி வந்தேன். சூட்டைக் கூட்டுவதாக நினைத்துக் குளிர்ச்சியைக் கூட்டிவிட்டேன். ஆறே மாதத்தில் கரி இரண்டு மடங்கு.

எழுத்துகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பிபி6இஎஸ்-இல் முதல் ‘பி’ 14 மில்லிமீட்டர் மரையைக் குறிக்கிறது. இரண்டாவது ‘பி’, முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்கிறது. 6 சூட்டு எண். ‘இ’ மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்பதற்கு. அந்த இடத்தில் ‘எச்’ இருந்தால் 12.7 மில்லிமீட்டர். இந்த நீளத்தில் தவறினால் மற்ற ஒப்பீடெல்லாம் வீண். நீள மரை கேட்கும் எஞ்சின் ஹெட்டில் குட்டை பிளக்கைப் போட்டால் கீழ் மரைகளில் கரி அடைத்துக்கொண்டு, பிறகு சரியான பிளக் ஏறாது. குட்டை மரை கேட்கும் எஞ்சினில் நீள பிளக்கைப் போட்டால் பிஸ்டன் வந்து முட்டும். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினுக்கு 19 மில்லிமீட்டர்தான். ஆனால் உங்கள் வீட்டில் நிற்பது ஃபியட்டோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ என்றால், பழைய பிளக்கைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இந்த 1489 சிசி எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. இது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசை எஞ்சின். மோரிஸ் ஆக்ஸ்போர்டில் வந்தது, பிறகு 1959 வாக்கில் அம்பாசடரிலும் ஏறி, அந்த வண்டி தயாரான மேற்கு வங்கத்து உத்தர்பாராவுக்கு வந்தது. அங்கே அம்பாசடர் தயாரிப்பு நின்றது 2014-ல். எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அதனால் இதற்கு எந்த பிளக் பொருந்தும் என்பது உலகம் முழுவதும் அறிந்த விஷயம். பள்ளத்தூரில் ஓரமாக நிற்கிற நம் வண்டிக்கு இங்கிலாந்தில் இன்னும் பராமரிப்புக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு சின்னப் பெருமை.

முதலில் இந்த எஞ்சின்களுக்குச் சொன்னது முனை நீட்டாத பிளக். பிறகுதான் முனை நீட்டிய வகை வந்தது. என்னைக் கேட்டால் நிற்கிற வண்டிக்கு நீட்டிய முனைதான். நெருப்புக்குள் தலையை நீட்டிக்கொண்டிருப்பதால் சீக்கிரம் சூடேறிக் கரியை எரிக்கிறது. வேகமாக ஓடும்போது உள்ளே வரும் குளிர்ந்த கலவை அதன் மேலேயே பட்டு ஆற்றிவிடுகிறது. மெதுவான ஓட்டத்துக்கும் வேகத்துக்கும் ஒரே பிளக் ஈடுகொடுப்பது அதனால்தான். சூட்டு எண்ணை மாற்றாமல், நீட்டிய முனைக்கு மாறுவதே பல வண்டிகளுக்குப் போதும்.

சரி, இரிடியத்துக்கு நியாயமான ஒரு வாய்ப்புத் தருவோம். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அத்தனை உறுதியான உலோகம் என்பதால் முனையை ஊசி போல, 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாகச் செய்யமுடிகிறது. கூர்மையான முனையிலிருந்து பொறி தாவக் குறைந்த வோல்டேஜ் போதும். பழைய காயில் உள்ள வண்டிக்கு இது நிஜமான நன்மை. விளம்பரப் பேச்சு அல்ல. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் சீராகும் என்று இரிடியம் போட்டவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

ஆனால் தேய்மானக் கணக்கைப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 முறை பொறி தட்டும். சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 600 கிலோமீட்டர் ஓட 15 மணி நேரம். பொறிகள் 9 லட்சம். சாதாரண நிக்கல் பிளக்கை மாற்றச் சொல்லும் 15,000 கிலோமீட்டருக்கு 2 கோடியே 25 லட்சம் பொறிகள். நான் ஓட்டும் ஓட்டத்தில் நிக்கல் பிளக்கே தேய 25 வருடம் வேண்டும். அதற்கு முன் கரி அதைக் கொன்றுவிடும். கரி படிந்தால் இரிடியமும் மிஸ்ஸிங் ஆகத்தான் செய்யும். அப்போது நிக்கல் முனையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பது போல அந்த ஊசி முனையைத் தேய்க்கமுடியாது. இடைவெளியைச் சரிசெய்ய அதை நெம்பினாலும் ஒடிந்துவிடும். நாலைந்து மடங்கு விலை கொடுத்து வாங்கி, சுத்தம் செய்ய முடியாமல் தூக்கி எறிவதற்கு எனக்கு மனம் வரவில்லை. செட்டிக்கணக்கு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கானாடுகாத்தானில் என் சித்தப்பா மகன் கதை வேறு. தங்கள் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக நடத்துகிறான். அவனிடமும் ஓர் அம்பாசடர். தினமும் வெளிநாட்டு விருந்தினரை ஏற்றிக்கொண்டு ஆத்தங்குடிக்கும் திருமயம் கோட்டைக்கும் போகிறது, வாரத்தில் இரண்டு முறை திருச்சி விமான நிலையம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் சுலபமாகத் தாண்டுகிறது. எஞ்சின் தினமும் முழுச் சூட்டுக்கு வருகிறது. கரி படிய நேரமே இல்லை. அவன் இரிடியம் போட்டான். “அண்ணே, விருந்தினரை ஏற்றிக்கொண்டு நடுவழியில் பானெட்டைத் திறக்கமுடியாது” என்றான். அவன் வண்டிக்கு அது சரியான முடிவு. ஆனால் அதற்கும் முன்னால் பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் தொடுமுனை), அதோடு சேர்ந்த கண்டன்சர், பிளக் ஒயர் மூன்றையும் மாற்றியிருக்க வேண்டும் என்பது என் வாதம். தேய்ந்த பாயின்ட்டோடு இரிடியம் போடுவது கிழிந்த வேட்டிக்குச் சரிகைக் கரை தைப்பது போல. அவன் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் போன மாதம் கண்டன்சரை மாற்றினான்.

பிளாட்டினத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரிடியத்தின் ஆயுள் பக்கத்து நன்மையில் கொஞ்சமும், நிக்கலைவிடக் கூடுதல் விலையும் சேர்ந்த நடுவழி. இரண்டு மூன்று தரை முனைகளோடு (நடு முனைக்கு எதிரே, உடம்பிலிருந்து வளைந்து நிற்பவை) வரும் பிளக்குகளும் அப்படித்தான்; ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு முனைக்குத்தான் பொறி தாவும், மற்றவை வரிசையில் காத்திருக்கும். அவற்றின் இடைவெளியைப் பழைய காயிலுக்கு ஏற்றபடி சரிசெய்வதும் சிரமம். பழைய அம்பாசடருக்கு இவற்றை நான் வாங்கமாட்டேன்.

ரெசிஸ்டர் பிளக் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். உள்ளே சுமார் 5,000 ஓம் தடை வைத்திருப்பார்கள். பொறி தட்டும்போது எழும் வானொலி இரைச்சலை அடக்குவதற்காக அது. கம்ப்யூட்டர் உள்ள புதிய வண்டிகளில் அது கட்டாயம். என் மார்க் 3-இல் கம்ப்யூட்டர் என்று சொன்னால் பெரியவர் சிரிப்பார். பாயின்ட் உள்ள வண்டி, தடை உள்ள கார்பன் பிளக் ஒயர் ஏற்கெனவே போட்டிருந்தால் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கே போதும். ரெசிஸ்டர் போட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி பொருத்தியிருக்கிறீர்கள் என்றால், அல்லது டேஷ்போர்டில் புதிய மியூசிக் சிஸ்டம் இருந்தால், ‘ஆர்’ உள்ள பிளக்கையே வாங்குங்கள். செப்புக் கம்பி ஒயரோடு ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் சேர்ந்தால் ரேடியோவில் கேட்பது பட்டாசு.

ஒயர் விஷயத்தில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. நான் இரண்டாவது முறை ஏமாந்தது இங்கேதான். காயிலின் இரண்டு முனைகளில் ஒயரை மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும். ஆனால் சுகமாக ஓடாது. பிளக்கின் நடு முனைதான் சூடாக இருக்கும்; சூடான முனையிலிருந்து எலெக்ட்ரான் புறப்படுவது எளிது. ஆகவே நடு முனை நெகட்டிவாக இருந்தால் குறைந்த வோல்டேஜில் பொறி தாவும். மாறிப்போனால், ஏற்கெனவே பலம் குறைந்த காயிலுக்கு இன்னும் கூடுதல் சுமை. மோரிஸ் காலத்து வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்போடு சேர்க்கப்பட்டிருக்கும். பிறகு யாராவது அதை மாற்றியிருந்தால், காயில் ஒயரை மாற்றினார்களா என்று பார்ப்பது அவசியம். என் வண்டியில் புதுக் காயில் போட்டவர் ஒயரை மாற்றிச் செருகிவிட்டுப் போயிருந்தார். நான் மூன்று மாதம் பிளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் செக்காலை ரோட்டுப் பக்கம் பழைய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் பாய். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, ரப்பர் கையுறையோடு அதை எஞ்சினிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்து, பொறி தாவும் இடைவெளியில் ஒரு பென்சிலின் கூர்முனையை நீட்டினார். “பாருங்கள் தம்பி” என்றார். பென்சில் கரி முனையின் ஒயர் பக்கத்தில் மெல்லிய ஆரஞ்சுச் சுடர் பளிச் பளிச்சென்று விரிந்தது. “இது எஞ்சின் பக்கம் விரிய வேண்டும். உங்கள் வண்டியில் தலைகீழாக இருக்கிறது.” காயிலில் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டார். அவ்வளவுதான். பைசா வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். இப்போதெல்லாம் பழைய பிளக்கைக் கழற்றினால் வளைந்த தரை முனையைப் பார்க்கிறேன். அதன் அடிப்பக்கம் கிண்ணம் போலக் குழிந்திருந்தால் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இடைவெளியையும் அவரிடம்தான் கற்றேன். பிளக் பெட்டியிலிருந்து எடுத்தபடியே போடுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு; எனக்கும் இருந்தது. பிளக் எந்தெந்த வண்டிக்கோ செய்யப்பட்டு வருகிறது. பெயரின் கடைசியில் 11 என்று இருந்தால் 1.1 மில்லிமீட்டர் இடைவெளி; அது புதிய காயிலுக்கு. நம் எஞ்சினுக்கு 25 தௌ (ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), அதாவது 0.635 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் இல்லாத நாளில் பாய் உடைந்த ஆக்ஸா பிளேடை எடுப்பார். அதன் கனம் சரியாக அந்த அளவுக்குப் பக்கத்தில் நிற்கும். பிளேடை நுழைத்து, லேசாக உரசியபடி வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் தரை முனையைக் கல்லில் ஒரு தட்டு. நடு முனையை மட்டும் தொடவே மாட்டார், பீங்கான் விரிசல் விட்டுவிடும். பாயின்ட்டுக்கு 15 தௌ. அதற்கு மட்டும் ஃபீலர் கேஜ் இல்லாமல் கை வைக்கமாட்டார்.

பழைய பிளக் விஷயத்தில் ஒரு மயக்கம் உண்டு. பழைய வீடுகளில் அலமாரியைத் திறந்தால் மெழுகுத்தாளில் சுற்றிய மைக்கோ பிளக் பெட்டி கிடைக்கும். பாஷின் இந்தியக் கிளையான அந்த பெங்களூர் கம்பெனி 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. ஆனால் வயதானவர்களுக்கு இன்றும் அது மைக்கோதான். அப்பச்சியின் பெட்டியில் எனக்கு ஆறு கிடைத்தன. வாங்கிய விலையும் தேதியும் அவர் கையெழுத்தில் பெட்டி மேல் இருந்தன. மரையில் துரு இல்லாமல், பீங்கானில் விரிசல் இல்லாமல் இருந்தால் அவற்றைத் தாராளமாகப் போடலாம். பிளக் மருந்து மாத்திரை அல்ல, காலாவதியாகாது. ஆனால் சந்தையில் ‘பழைய ஸ்டாக்’ என்று விற்பவற்றை நம்பமாட்டேன். ஒரு கடையில் வாங்கிய நான்கில் இரண்டு போலி. எழுத்து விரல் நகத்தில் உரிந்தது; நடு முனை மையத்தில் இல்லை; வாஷர் தானாகக் கழன்று கையில் விழுந்தது.

கரி பிடித்த பிளக்கைச் சுத்தம் செய்து மறுபடி போடலாமா என்றால், வறண்ட கரியாக இருந்தால் போடலாம். பெட்ரோலில் ஊற வைத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, முனையை மெல்லிய அரத்தால் ஓர் இழு இழுத்துச் சதுர விளிம்பு கொண்டுவந்தால் பொறி நன்றாகத் தாவும். காற்றால் மணல் அடித்துச் சுத்தம் செய்யும் மெஷின் சில ஷெட்டுகளில் உண்டு. பீங்கானின் பளபளப்பைப் போக்கி, மணலை உள்ளே விட்டுவிடும் என்பதால் எனக்கு அது பிடிக்காது. எண்ணெய் ஊறியதைச் சுத்தம் செய்வது வீண். என் நான்காவது சிலிண்டர் பிளக்கை அப்படியே குப்பையில் போட்டேன். அந்தச் சிலிண்டருக்கு மட்டும் ஒரு படி சூடான பிளக் போடுவது பாயின் பழைய வைத்தியம். எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் வரை அது ஓடும். அது நோயைத் தீர்ப்பதில்லை, வலியை மறைக்கிறது.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அப்பச்சி காலத்துப் பிளக்கில் இருந்த அந்தச் சாம்பல் பூச்சை இப்போது தேடக்கூடாது. இன்றைய பெட்ரோலில் நல்ல பிளக்கும் முன்னைவிடக் கொஞ்சம் வெளுப்பாகவே தெரியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது. புதிய வண்டியின் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. மெலிந்த கலவை பிளக் முனையைச் சூடாக்கும். ஆகவே தினமும் வேகமாக ஓடுகிற வண்டிக்குச் சூட்டு பிளக்கை எடுத்த எடுப்பில் போடாதீர்கள். பிளக்கை வாசித்துவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள். நிற்கிற வண்டிக்கு எத்தனாலின் தொல்லை பிளக்கில் இல்லை, ரப்பர் குழாயில். அது தனிக் கதை.

கடைசியில் நான் வாங்கியது பிபி5இஎஸ், நான்கு. காரைக்குடியில் சொல்லி வைத்து மூன்று நாளில் வந்தது. மலை ஏறுவதற்கோ, மே மாதத்தில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சென்னை வரை அடித்துப் பிடித்து ஓட்டுவதற்கோ அது கொஞ்சம் சூடு அதிகம். அதற்காகப் பிபி6இஎஸ் நான்கு கொண்ட ஒரு செட் டிக்கியில், பிளக் ஸ்பேனரோடு இருக்கிறது. தினசரி ஓடும் வண்டியாக இருந்தால் முதலிலேயே 6-தான் வாங்கியிருப்பேன்.

மாட்டும்போது இரண்டு விஷயம். முதலாவது மண். எங்கள் ஊர்ச் செம்மண் பிளக் குழியைச் சுற்றிக் குங்குமம் போலப் படிந்திருக்கும். கழற்றும் முன் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் இறங்கும். இரண்டாவது கை. புதிய பிளக்கை வெறும் விரலால் கடைசிவரை திருகுங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்தி, கழற்றி, மறுபடி நேராக ஆரம்பியுங்கள். வாஷர் ஹெட்டில் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் அரைச் சுற்று, அதிகமானால் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய வாஷர் என்றால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரம் நகரும் தூரம். ஒயர்களை 1-3-4-2 வரிசையில் மாட்டுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் வரிசையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

பெரியவரிடம் வாராவாரம் ஸ்டார்ட் செய்வதை நிறுத்தச் சொன்னேன். அவருக்கு மனத்தாங்கல். பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை உங்கள் மகனோடு பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், பெட்ரோல் என் கணக்கு என்றேன். போக வர எஞ்சின் நன்றாகச் சூடேறும். சோக்கை உள்ளே தள்ளிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று மட்டும் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். முதல் மாதம் போய்விட்டு வந்து போனில் சொன்னார்: வண்டி நன்றாகத்தான் போனது, பிள்ளையாருக்கு அர்ச்சனை உங்கள் பெயரில் செய்தேன், அதுவும் உங்கள் கணக்குதான் தம்பி.